பலகையில் வரைந்த ஸ்பேனர்கள்

நடுரோட்டில் நின்றுபோன வண்டியைச் சுற்றி இருபது பேர் கூடினால் பத்தொன்பது பேருக்கு இயந்திர ஞானம் இருக்கும். அது இல்லாத இருபதாவது ஆள்தான் மெக்கானிக் என்பது எங்கள் தொழிலைப் பற்றி உலகம் வைத்திருக்கும் அபிப்பிராயம். நகக்கண்ணில் கிரீஸ் ஏறிப்போன என் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குனிந்து நட்டைத் திருகும்போது முதுகுக்குப் பின்னால் நின்று "இடது பக்கம் திருகுங்க" என்று சொல்லாத மனிதனை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் பட்டாள ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வந்த எனக்குத் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. ஆயில் எஞ்சினும் மோட்டார் சாமான்களும் விற்கிற கம்பெனி. பெயர் வேண்டாம். விற்றதில் பாதி எஞ்சின் ஓடவில்லை. ஓடாத எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுச் சத்தம் போடுகிறவர்கள் அதிகமானதால், நாமே தேடிப் போய் ரிப்பேர் பார்ப்பது கௌரவம் என்று கம்பெனி தீர்மானித்தது. அப்படிப் பிறந்ததுதான் எங்கள் ரிப்பேர் வேன்.

கிணறு வெட்டுகிற சாமான்

பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். அதற்குள் சாமான்களை அடுக்குகிற பொறுப்பை மேனேஜர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் மெட்ராஸ்காரர். ஸ்பேனரைக் கைக்குட்டையால்தான் பிடிப்பார். ஓர் அமெரிக்கக் கேட்லாக்கை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் யோசித்து, வேனின் உட்சுவர் முழுவதும் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் அரத்துக்கும் ஓர் ஆணி அடித்து, ஆணிக்குக் கீழே அந்தச் சாமானின் உருவத்தையே கறுப்புப் பெயிண்டில் வரையச் சொன்னார். ஒரு சாமான் இல்லையென்றால் அதன் நிழல் மட்டும் பலகையில் தெரியுமாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி.

நான் ஒரு சீட்டில் எனக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, கனமான கயிறு, இரண்டு பலகைத் துண்டு, கட்டுக்கம்பி ஒரு சுருள். எங்கள் பக்கத்து ரோடுகளை அறிந்தவன் எவனும் இவற்றைத்தான் முதலில் எழுதுவான். மேனேஜர் சீட்டை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "மிஸ்டர் சுடலை, நாம சர்வீஸ் பண்ணப் போறோம். கிணறு வெட்டப் போகல."

பனைமேல் இருந்தவர்

முதல் பயணம் குலசேகரன்பட்டினத்துக்கு. டிரைவர் மிக்கேல் கடற்கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நிதானமான மனுஷன். ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது ரோட்டை மூடிக் கிடந்த தேரி மணலில் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின. கையால் மண்ணை வாரினோம். வாரவாரச் சக்கரம் இன்னும் இறங்கியது. உதவி கேட்கலாம் என்று பக்கத்துக் குடிசைகளைப் பார்த்தால், ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மேலே அடித்த வெள்ளைப் பெயிண்ட் வெயிலில் உரிந்து, ஆம்புலன்ஸ் காலத்துச் சிவப்புச் சிலுவை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அம்மை குத்த வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஓடாமல் இருந்தவர் ஒருவர்தான்; அவர் பனைமேல் இருந்தார். பாளை சீவி முடித்து நிதானமாக இறங்கி வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி ஏறிப் பத்துப் பன்னிரண்டு மட்டைகளை வெட்டித் தள்ளி, சக்கரத்துக்கு முன்னால் ஓலையோடு பரப்பி, மிக்கேலைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேன் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது. நன்றி சொல்வதற்காகப் பின்கதவைத் திறந்து உட்கார இடம் காட்டினேன். அவர் உட்காரவில்லை. பலகையில் தொங்கிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் இடுப்பில் கட்டியிருந்த சின்ன அரிவாள்பெட்டியைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "இம்புட்டும் ஒரு ஆளுக்கா? எனக்கு இந்தப் பொட்டி ஒண்ணுதான். ஒரு நாளைக்கு நாப்பது மரம் ஏறி எறங்குதேன்."

சுண்ணாம்பு டப்பி

அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்களெல்லாம் கரியில் ஓடின. முதுகில் ஒரு உலையைக் கட்டிக்கொண்டு, புகை விட்டுக்கொண்டு, சாகப்போகிற யானை மாதிரி வரும். அப்படி ஒன்று திருச்செந்தூர் ரோட்டில் நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். போய்ப் பார்த்தேன். உலையிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் மூட்டு ஒன்று தளர்ந்து காற்றை இழுக்கிறது. ஒரே ஒரு நட்டை இறுக்கினால் போதும். அந்த ஒரு நட்டுக்குத்தான் எங்களிடம் ஸ்பேனர் இல்லை. மேனேஜரின் சாமான்கள் அமெரிக்க அளவு, பஸ்ஸோ இங்கிலீஷ் பஸ். ஒரு ஸ்பேனர் நுழையவில்லை, அதற்கடுத்தது வழுக்குகிறது. பிரயாணிகள் நாற்பது பேரும் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் உலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நல்ல வேளை, யாரும் தண்ணீர் கொண்டுவந்திருக்கவில்லை.

வழுக்குகிற ஸ்பேனருக்கும் நட்டுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். வேன் முழுக்கத் தேடினேன், ஒரு துண்டுத் தகடு இல்லை. பஸ்ஸில் வந்த ஓர் அம்மா ரோட்டோரம் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி. கேட்டதும் முறைத்தாள், பிறகு கொடுத்தாள். அதன் மூடியில் விரல் அகலத்துக்கு வெட்டிச் சொருகினேன். நட்டு இறுகியது. பஸ் இருமிவிட்டுக் கிளம்பியது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மூடி அறுந்த டப்பியைக் காட்டிச் சொன்னாள்: "ஒரு வண்டி நெறைய இரும்ப வச்சுக்கிட்டு, எங்கிட்ட இருந்த ஒரு டப்பிய அறுத்தியே ராசா, நீ நல்லா இருப்பியா?"

பூட்டும் சந்தனமும்

அந்த நாற்பது பேரில் ஒரு புண்ணியவான் ஸ்பேனர் ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார். அமெரிக்க ஸ்பேனர். அதை வைத்துக்கொண்டு அவர் முதுகைத்தான் சொறிய முடியும். ஆனால் பலகையில் நிழல் மட்டும் தெரிந்ததும் மேனேஜர் முகத்தில் வெற்றிக்களை. தன் ஏற்பாடு வேலை செய்கிறதாம். மறுநாளே ஒவ்வொரு வரிசைக்கும் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுத் தொங்கவிட்டார். சாவி அவரிடம். காலையில் போய் வாங்க வேண்டும், சாயங்காலம் போய்க் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு லீவு, சாவிக்கும் லீவு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஓர் உப்பள முதலாளி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆள் அனுப்பினார். எஞ்சின் கறுப்புப் புகை விட்டு நின்றுவிட்டதாம். தண்ணீர் இறைக்காவிட்டால் பாத்தியெல்லாம் காய்ந்துவிடுமாம். ஓடினோம். எஞ்சினுக்குச் சாமந்தி மாலை. தலையிலிருந்து கால்வரை சந்தனம். எஞ்சின் மூச்சு விடுகிற துவாரத்தை மூன்றாவது கண் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அதில் தேங்காய் மூடி அளவுக்குச் சந்தனத்தை அப்பி நடுவே குங்குமம் வைத்திருந்தார்கள். மனுஷனுக்கு மூக்கை அடைத்தால் அவனும் கறுத்துத்தான் போவான்.

ஆள்காட்டி விரலால் சந்தனத்தைத் தோண்டி எடுத்தேன். உள்ளே இழுத்துக்கொண்ட பூவைப் பிடுங்கினேன். எஞ்சின் ஓடியது. முதலாளிக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. சுற்றிலும் அளத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்; அவருடைய எஞ்சினுக்கு வந்த வியாதி ஒரு விரலில் தீர்ந்துபோவதா? என்னை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், பலகையைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "இம்புட்டுச் சாமானையும் சும்மா வேடிக்கை காட்டவா கொண்டாந்தீரு? எல்லாத்தையும் எடுத்து எஞ்சின்ல ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவும்வே."

ஹெட்மாஸ்டரின் பல்

வேனின் பக்கவாட்டில் "ரிப்பேர்" என்று எழுதியிருந்தது எங்களுக்கு எதிரியாக முளைத்தது. எந்த ஊரில் நிறுத்தினாலும் குடை வரும், பூட்டு வரும், சுவர்க் கடிகாரம் வரும், திரி ஏறாத ஸ்டவ் வரும். ஒரு முறை ஒரு பெண் தன் புருஷனையே கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு முட்டியில் சத்தம் வருகிறதாம். இதையெல்லாம் தாங்கிவிட்டேன். குலசேகரன்பட்டினத்தில் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் கைக்குட்டையை விரித்துக் காட்டியபோதுதான் தடுமாறிப்போனேன். உள்ளே இரண்டு துண்டாக அவருடைய பல்செட்டு. மறுநாள் தசராக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். மதுரைக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்து வர நேரமில்லை. "மனுஷர் வாய்க்குள்ள போறதை நான் தொட மாட்டேன்" என்றேன். பல்லில்லாத வாயால் அவர் எனக்குப் பாடம் எடுத்தார்: பல்லைத் தாங்கும் அடிப்பாகம் ரப்பர். உம்முடைய வேனில் டியூப் ஒட்டுகிற சூட்டு யந்திரம் இருக்கிறது. டியூபும் ரப்பர். பிறகு என்ன ஆட்சேபணை?

உடைந்த ஓரங்களை அரத்தால் சொரசொரப்பாக்கி, பசை தடவி, மெல்லிய துண்டு ரப்பர் வைத்து, சூட்டு யந்திரத்தில் பிடித்து வைத்தேன். மிக்கேல் தள்ளிப்போய் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். சிவப்பாக இருந்த பல்செட்டு நடுவில் ஒரு கறுப்புக் கோட்டோடு வெளியே வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் மாட்டிக்கொண்டார், வாயை மென்று பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து நொறுக்கினார். பிறகு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரலில் தீர்ப்புச் சொன்னார்: "டயர் வாசம் அடிக்கிறது. ஆனாலும் முறுக்குக் கடிபடுகிறது. பாஸ்."

அறுந்த ரப்பர் குழாய்

இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டை பொத்தான் போடவில்லை. கப்பல்கள் அப்போதெல்லாம் கரைக்கு வராது. வெகுதூரம் தள்ளி நங்கூரம் போடும். சரக்குத் தோணிகளை மோட்டார் லாஞ்ச் இழுத்துக்கொண்டு போய் வரும். அன்றைக்குக் கப்பலிலிருந்து திரும்புகிற வழியில் லாஞ்சின் எஞ்சின் நின்றுவிட்டது. வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. நங்கூரக் கயிறும் அறுந்துபோய், லாஞ்சும் தோணியும் முயல்தீவுப் பக்கத்துப் பாறைகளை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருப்பதாக ஒரு வள்ளத்தில் சேதி வந்திருந்தது. தோணியில் சுமை ஆட்கள் பதினோரு பேர். அதில் ஒருவன் மிக்கேலின் தம்பி இன்னாசி.

வேனைத் துறைமுகப் பாலத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். சாமான்கள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி மேனேஜரிடம். மேனேஜர் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில். அங்கே நின்றிருந்தவர்களிடம் நான் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மிக்கேல் எங்கிருந்தோ ஒரு கடப்பாரையோடு வந்தார். பட்டைக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு. பூட்டு வரவில்லை, பலகையே சுவரை விட்டு வந்துவிட்டது. விழுந்த சாமானையெல்லாம் கோணிச்சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு வள்ளத்தில் குதித்தோம்.

எனக்குக் கடல் ஆகாது. நீச்சலும் தெரியாது. பாதி தூரத்தில் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. லாஞ்சில் ஏறியதும் எஞ்சின் மூடியைத் திறந்தேன். எண்ணெய்க் குழாய் வெடித்திருந்தது, அவ்வளவுதான். பின்னால் தோணியில் ஆட்கள் "மாதாவே" என்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மிக்கேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் கை ஓடாது என்றார். சாக்கைக் கொட்டித் தேடினேன்; கொட்டியதில் பாதி கடலுக்குள் உருண்டது. எஞ்சினுக்குள் என்ன சத்தம் என்று காதில் மாட்டிக் கேட்பதற்காக மேனேஜர் ஆசை ஆசையாக வரவழைத்த ஸ்டெதஸ்கோப் ஒன்று கிடந்தது. டாக்டர் வைத்திருப்பது மாதிரியே ரப்பர் குழாய். அதை ஒரு சாண் அறுத்து வெடித்த இடத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டினேன். கைப்பிடியை மூன்றாவது முறை சுற்றியபோது எஞ்சின் பிடித்தது. பாறையில் நுரை அடிக்கிறது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் லாஞ்ச் திரும்பியது. இன்னாசி கரையில் இறங்கியதும் மிக்கேல் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். பெயர்ந்த பலகையைப் பார்த்தார். கடலில் போன சாமான்களின் நிழல்களைத் தடவினார். மிக்கேல் நடந்ததை முழுக்கச் சொன்னார், பதினோரு பேரின் பெயரையும் சொன்னார். மேனேஜர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஆள் உயிர் பெரிசுதான் மிஸ்டர் சுடலை, நான் இல்லேங்கல. ஆனா ஸ்டெதஸ்கோப்பை ஏன் அறுத்தீங்க?"

டைரக்டர் வந்தார்

நான் கம்பெனியை விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போய் வந்த பிறகு, தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்துக் கயிற்றுப் பிடி போட்டு, உண்மையில் கைக்கு வேண்டிய சாமான்களை மட்டும் அதில் வைத்தேன். நம் ஊர் நட்டுகளுக்குப் பொருந்துகிற ஸ்பேனர்கள், ஒரு சுத்தியல், ஓர் உளி, ஒரு ரம்பப் பிளேடு, கட்டுக்கம்பி, தகடு, ரப்பர் குழாய்த் துண்டுகள். ஒரு கையால் தூக்கலாம். மணலிலும் போகும், வள்ளத்திலும் போகும், உப்பள வரப்பிலும் போகும். மேனேஜர் அதை மீன்கூடை என்றுதான் சொல்லுவார். பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மறுபடி மாட்டினார். ஆறு மாதம் அந்தப் பலகையில் ஒரு ஸ்பேனர்கூட ஆணியை விட்டு இறங்கவில்லை. வேலையெல்லாம் பெட்டிதான் பார்த்தது.

வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர் ஒருவர் டைரக்டராகி, மெட்ராஸிலிருந்து வேனைப் பார்க்க வந்தார். நல்ல ஞானஸ்தன். பலகையை ஒரு பார்வை பார்த்து, "இதெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கே, எடுப்பதே இல்லையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் பெட்டியை இழுத்து முன்னால் வைத்தார். இந்தப் பிரதேசத்து நிலைமைகளை நேரில் ஆராய்ந்து, எடை குறைவாக, ஒரே ஆள் கொண்டு போகிற மாதிரி அவரே ரூபம் கொடுத்ததாம். டைரக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், திறந்து பார்த்தார், மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லா ஊர் வேனுக்கும் இதே மாதிரி செய்யச் சொல்கிறேன் என்றார். மிக்கேல் என் விலாவில் இடித்தார், பேசு பேசு என்று. டைரக்டரே என்னைக் கவனித்து, "இவர் யார்?" என்று கேட்டார். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இவரா? பெட்டி தூக்கற ஆள், சார்."

அன்றைக்கே நான் விட்டு வந்த அந்த வேலையில் கழற்றிப் பார்த்த எஞ்சின்களில் ஒன்றுகூடத் தன் கோளாறை இன்னொன்றின் தலையில் கட்டியதோ, இன்னொன்றின் ஓட்டத்தைத் தன் ஓட்டம் என்று சொல்லிக்கொண்டதோ கிடையாது என்பதைத் தவிர, இந்தத் தொழிலைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் அகப்படவில்லை.